மெல்லிசு உடம்பின் கணக்கு

சென்ற மாசியில் கோலியர்ஸ் வுட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அம்மாவின் குருதிப் பரிசோதனை முடிவை விரித்து வைத்தேன். வயது 74. எச்பிஏ1சி 45, நீரிழிவு என்று சொல்லும் எல்லை 48. ரைகிளிசரைட் 2.3, நல்ல கொலஸ்ரோல் 1.1. பிரஷருக்கு ஏற்கெனவே குளிசை எடுக்கிறார்.

"நானென்ன குண்டே தம்பி, எனக்குச் சலரோகம் வர? கொப்பரும் மெல்லிசு, நானும் மெல்லிசு" என்றார்.

அப்பா மெல்லிசுதான். ஆசிரியர், எந்நாளும் சைக்கிள். 1995 இடப்பெயர்வுக்கு முந்திய வருடம், 49 வயதில் மாரடைப்பில் போனார். மெலிந்தவர் என்பதால் அவருடைய குருதியைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. நான் வைத்தியனல்ல, கணினித்துறையில் இருப்பவன். ஆனாலும் அந்த எண்ணம் எப்போது பிழையென்று தெரியவந்தது எனத் தேடியபோது, விடையின் ஒரு பகுதி இதே லண்டனில் இருந்தது.

1988இல் அமெரிக்க வைத்தியர் ஜெரால்ட் ரீவன் தனது பான்டிங் உரையில், உயர் குருதியழுத்தம், கூடிய ரைகிளிசரைட், குறைந்த நல்ல கொலஸ்ரோல், குளுக்கோஸ் கோளாறு ஆகியவை ஒரே உடம்பில் சேர்ந்து வருவதையும், அதன் அடியில் இன்சுலினுக்கு உடல் மசியாத நிலை இருப்பதையும் எடுத்துச் சொன்னார். 'சின்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரிட்டார். உடற்பருமனை அவர் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, போல் மக்கீக், ஷா, மைக்கேல் மார்மற் மூவரும் லான்செற் இதழில் லண்டன் ஆய்வொன்றை வெளியிட்டார்கள். 40 முதல் 69 வயதுவரையான 3,193 ஆண்கள், 561 பெண்கள். நீரிழிவு ஐரோப்பியரில் 4 சதவீதம், தெற்காசியரில் 19 சதவீதம். இன்சுலின், ரைகிளிசரைட் இரண்டும் தெற்காசியரில் கூட, நல்ல கொலஸ்ரோல் குறைவு. கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்ந்திருந்தது. சீக்கியர், பஞ்சாபி இந்துக்கள், குஜராத்திகள், முஸ்லிம்கள் எனப் பிரித்துப் பார்த்தார்கள். தமிழருக்குத் தனிப் பிரிவு இல்லை.

1994 - 96இல் ஆய்வு எங்கள் பக்கம் வந்தது. ரூட்டிங்கில், எங்களுக்கு அடுத்த ரயில் நிலையத்தருகே உள்ள சென். ஜோர்ஜ் மருத்துவக் கல்லூரியினர் வாண்ட்ஸ்வத்தில் வெள்ளையர், ஆபிரிக்க வம்சாவளியினர், தெற்காசியர் என மூன்று பிரிவினரைச் சோதித்தனர். வெள்ளையரைவிட மற்ற இரு பிரிவினருக்கும் நீரிழிவும் குருதியழுத்தமும் கூடுதலாக இருந்தன.

அம்மாவின் கேள்விக்கு நேரான பதில் 2004இல் வந்தது. புனே வைத்தியர் யாஜ்னிக்கும் லண்டன் வைத்தியர் யுட்கினும் தங்கள் படத்தையே லான்செற்றில் போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைச் சுட்டெண் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தராசுக்குத் தெரியாததைக் குருதி காட்டும். அடுத்த வருடமே சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் ஆண்களின் இடுப்பளவு எல்லையை ஐரோப்பியருக்கு 94 செ.மீ., தெற்காசியருக்கு 90 என்று பிரித்தது. பெண்களுக்கு இரு பக்கமும் 80.

என் தொழிலுக்குக் கிட்டிய செய்தி 2008இல் வருகிறது. இருதய ஆபத்தைக் கணிக்கும் கியூரிஸ்க்2 கணிப்பான் இனப் பிரிவையும் சேர்த்துக்கொண்டது. இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவருக்குத் தனித் தனிப் பெட்டி. சென்னைத் தமிழர் 'இந்தியர்'. யாழ்ப்பாணத்தவர் 'ஏனைய ஆசியர்'. மொழியும் சோறும் ஒன்று, பெருக்கும் எண் வேறு. ஒரு பட்டியலில் என்ன பெட்டி வைப்பதென்று தீர்மானிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை மென்பொருள் எழுதுபவர்கள் அறிவோம்.

அம்மாவின் முடிவுகளில் ஐந்துக்கு மூன்று எல்லை மீறியவை. வரைவிலக்கணப்படி அவருக்கு 'வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி' உண்டு. ஆனால் அதே 2008இல், 60 வயது தாண்டியவர்களைத் தொடர்ந்து கவனித்த இரண்டு ஆய்வுகளைச் சேர்த்து லான்செற்றில் வந்த கட்டுரை வேறொன்று சொன்னது: முதியவர்களில் இந்தப் பெயர் நீரிழிவை முன்கூட்டிச் சொல்கிறது, இருதய நோயைச் சொல்வதிலோ மிகவும் பலவீனம். ஆகவே பெயரைக் கேட்டுப் பயப்படாமல், ஒவ்வொரு எண்ணையும் தனியாகக் கவனிப்பதே முதியவர்களுக்கு உதவும். அம்மாவைப் பொறுத்தவரை அந்த 45தான் கவனிக்கவேண்டியது.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அம்மா தையல் பெட்டியிலிருந்து அளவுநாடாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றினார். 96.

"வண்டி உனக்குத்தான்" என்றார்.

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயதுவரை ஐந்து வருடத்துக்கொருமுறை இலவச நலப் பரிசோதனை 2009இலிருந்து உண்டு. எனக்கு வந்த இரண்டு அழைப்புக் கடிதங்களும் லாச்சிக்குள் கிடந்தன. எனக்கு இப்போது 46. அப்பாவின் வயதுக்கு இன்னும் மூன்று.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு ஜிபிக்குத் தொலைபேசி எடுத்தேன்.