தலைநகரில் ஒரு கல்தூண்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு ஓர் அனுபவம் பொதுவானது. தாம் குடியிருக்கும் நகரத்தைப் பார்ப்பதற்கென்று அவர்கள் புறப்படுவதே இல்லை. அலுவலகம், கடைத்தெரு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், விழாநாளில் கோயில் என்ற நான்கு வழிகளுக்குள் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. ஊரிலிருந்து நண்பர்கள் வந்து இறங்கினால்தான் நகரத்தின் நினைவு வருகிறது.

தில்லியில் நெடுங்காலமாக வசிக்கும் நானும் இதற்கு விலக்கல்லன். சென்ற குளிர்காலத்தில் என்னுடன் கல்லூரியில் பயின்ற நண்பர் இருவர் வந்திருந்தனர். ஒருவர் கரூரில் பள்ளி ஆசிரியர். மற்றவர் வங்கி ஊழியர். செங்கோட்டையையும் குதுப் மினாரையும் முதல் இரு நாட்களில் காட்டிவிட்டேன். மூன்றாம் நாள் வியாழக்கிழமை. பழைய தில்லி வாயிலுக்கு அண்மையில் உள்ள ஃபிரோஸ் ஷா கோட்லாவுக்குப் போகலாம் என்றார் ஆசிரியர்.

“கோட்லா என்றால் 1999-இல் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்திய மைதானமல்லவா?” என்றார் வங்கி நண்பர். அதுவேதான். அந்த அரங்கத்தின் பெயர் 2019-இல் மாறிற்று. ஆனால் மைதானத்துக்குப் பெயர் தந்த பழங்கோட்டை அதன் அருகிலேயே இடிபாடுகளாக நிற்கிறது. எத்தனையோ முறை அவ்வழியே பேருந்தில் சென்றிருக்கிறேன். உள்ளே அடி வைத்தது அன்றுதான் முதன்முறை.

அடுக்கடுக்காக எழும் ஒரு கற்கட்டடம். அதன் உச்சியில், சுமார் 13 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கல்தூண். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெயிலும் மழையும் அதன் பளபளப்பை முற்றும் போக்கிவிடவில்லை. அசோகச் சக்கரவர்த்தியின் தூண் அது. கீழே நின்று மூவரும் அண்ணாந்து பார்த்தோம்.

“அதில் என்னப்பா எழுதியிருக்கிறது? நீதான் மொழிபெயர்ப்பாளனாயிற்றே, சொல்லேன்” என்றார் வங்கி நண்பர்.

எனக்கு விடை தெரியவில்லை. விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆயினும் நாணத்தால் முகம் சுருங்கிற்று. நாள்தோறும் என் மேசைக்கு வரும் தாள்களின் தலைப்பில் அசோகரின் சிங்கங்கள் உள்ளன. சாரநாத்தில் கிடைத்த அச்சிகரம் 1950 ஜனவரி 26-ஆம் நாள் நம் அரசின் இலச்சினையாயிற்று. அதன் நிழலில் ஊதியம் பெறும் நான், என் ஊரிலேயே நிற்கும் அவர் தூண் என்ன சொல்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றிரவு வீட்டில் இருந்த நூல்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு மூவரும் அமர்ந்தோம். அப்போது அறிந்தவற்றையே இங்கே கூறுகிறேன்.

இத்தூண் தில்லிக்கு உரியதன்று. இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ரா என்னும் சிற்றூரில் நின்றது. 1351 முதல் 1388 வரை ஆண்ட ஃபிரோஸ் ஷா துக்ளக் அதைக் கண்டு வியந்து, தாம் எழுப்பிய ஃபிரோசாபாத் நகருக்குக் கொண்டுவர விரும்பினார். அவ்வரலாற்றை ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீஃப் என்பவர் விரிவாக எழுதியிருக்கிறார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சு மெத்தைபோல் பரப்பப்பட்டது. அடிமண்ணைத் தோண்டவே தூண் அதன்மேல் மெல்லச் சாய்ந்தது. பின்னர் நாணலாலும் பச்சைத் தோலாலும் அதைப் போர்த்தினர். 42 சக்கரங்கள் பூண்ட வண்டியில் ஏற்றினர். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வடம். ஒவ்வொரு வடத்தையும் 200 பேர் இழுத்தனர். நம் ஊர்த் தேரோட்டம் கண்டவர்க்கு அக்காட்சியை எண்ணிப் பார்ப்பது அரிதன்று. யமுனைக் கரையை அடைந்ததும் பெரும் படகுகள் அதைத் தாங்கி வந்தன.

இத்தனை பாடுபட்டுக் கொணர்ந்த தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று சுல்தான் அறிஞர்களை அழைத்துக் கேட்டார். ஒருவராலும் படிக்க இயலவில்லை. அந்த எழுத்து வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. 1164-இல் சௌகான் மன்னர் விசலதேவர் அதே தூணில் தம் வெற்றியைப் பொறித்தபோதும், பழைய எழுத்துகள் மேலே மௌனமாகவே இருந்திருக்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கோரியட் என்னும் ஆங்கிலப் பயணி, அதன் பளபளப்பைக் கண்டு, அலெக்சாந்தர் நாட்டிய பித்தளைத் தூண் என்று எழுதிவிட்டார்!

மௌனம் கலைந்தது 1837-இல். கல்கத்தா நாணயசாலையில் பணிபுரிந்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சியிலிருந்து வந்த சிறுசிறு கல்வெட்டுகளின் படிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பலவும் ஒரே எழுத்துகளில் முடிந்தன. கோயிலில் எளிய மக்கள் பொறிக்கும் சொல் எதுவாக இருக்கும்? கொடை பற்றியதாக இருக்கலாம் என்று ஊகித்தார். அச்சொல் ‘தானம்’. நாம் இன்றும் வழங்கும் சொல்! அந்தச் சிறு சாவி தில்லித் தூணையும் திறந்தது. தூணில் பேசும் ‘பியதசி’ மன்னர் அசோகரே என்பதை, இலங்கையில் பணியாற்றிய ஜார்ஜ் டர்னர் பாலி நூல்களின் துணைகொண்டு காட்டினார். பிரின்செப் 1840-இல், நாற்பது வயதிலேயே மறைந்தார்.

தூணில் உள்ளவை ஏழு ஆணைகள். ஏழாவது, வேறு எந்தத் தூணிலும் இல்லாதது. போர்வெற்றி எதுவும் அதில் இல்லை. மக்களுக்கும் விலங்குகளுக்கும் நிழல் தரச் சாலையோரம் ஆலமரங்கள் நட்டதையும், மாந்தோப்புகள் வைத்ததையும், கிணறுகள் தோண்டியதையும், தங்குமிடங்கள் அமைத்ததையும் மன்னர் எண்ணிச் சொல்கிறார். இச்சொற்கள் நெடுங்காலம் நிலைக்கும் பொருட்டு, கல் கிடைக்கும் இடங்களிலெல்லாம் பொறிக்க வேண்டும் என்று முடிக்கிறார். கல் நிலைத்தது, படிப்பவர்தாம் இடையில் இல்லாமற் போயினர்.

ஆசிரிய நண்பர் நூலிலிருந்த கல்வெட்டுப் படியை உற்று நோக்கினார். “இதோ, கூட்டல் குறிபோல் இருக்கிறதே, இது ‘க’. எங்கள் புகளூர்ப் பாறையிலும் ‘க’ இப்படித்தான் இருக்கும், பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன்” என்றார். சேர மன்னரின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ள இடம் அது. தில்லியில் இருபது நிமிடப் பயணத்தில் இருந்த எழுத்தைக் கரூர்க்காரர் வந்து எனக்குப் படித்துக் காட்டினார்.

கோட்லாவில் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமைகளில் அங்கே மக்கள் திரள்கின்றனர். அவ்விடத்தில் ஜின்கள் உறைவதாக நம்பி, தம் குறைகளைக் காகிதத்தில் எழுதி, மாடங்களில் வைத்து விளக்கேற்றுகின்றனர். இந்துவும் முஸ்லிமும் வருகின்றனர். ஒரே மனுவைப் பல நகல்கள் எடுத்து மாடத்துக்கு ஒன்றாக வைப்பாரும் உண்டு. ஒரு மூதாட்டி தம் மனுவைத் தடவித் தடவி மடித்துக் கொண்டிருந்தார். “மேலே அரசன் குடிகளுக்கு எழுதியது, கீழே குடிகள் எழுதுவது” என்றார் ஆசிரியர் மெல்லிய குரலில். மனுக்களோடும் ஆணைகளோடும் நாள் கழிக்கும் எனக்கு அச்சொல் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

சோழரையும் பாண்டியரையும் பெயர் சுட்டும் அசோகரின் வரிகள் தில்லித் தூணில் இல்லை. கிர்நார் போன்ற இடங்களின் பாறைகளில் உள்ளன. அப்பாறை குஜராத்தில் வாழும் தமிழர்க்கு அண்மையில் உள்ளது. டேராடூனுக்கு அப்பால் கால்சி, ஒடிசாவில் தௌலி, கர்நாடகத்தில் மஸ்கி, மும்பையை அடுத்த சோபாரா என்று நம்மவர் குடியேறிய இடங்களிலெல்லாம் அவர் எழுத்து நமக்கு முன்னரே சென்று காத்திருந்திருக்கிறது. இந்நகரங்களை வாடகை வீடாகக் கருதியே நாம் வாழ்நாளைக் கழித்துவிடுகிறோம். ஆனால் கோட்லாத் தூணும் வேற்றூரிலிருந்து வந்ததுதான். இன்று அது இல்லாத தில்லியை நினைக்க முடியவில்லை.

நண்பர்கள் ஊர் திரும்பிவிட்டனர். அடுத்த வியாழக்கிழமை என் மகளை அழைத்துக்கொண்டு மீண்டும் கோட்லாவுக்குச் சென்றேன். தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளும் கேட்டாள். இம்முறை சொன்னேன்.