சர்க்கார் நிற்கும் ஜாமீன்

வீடு பார்க்க வருகிறவரிடம் வீட்டுக்காரர் எடுத்த எடுப்பில் வாடகையைப் பற்றிப் பேசிவிடுவதில்லை. சொந்த ஊர் எது, என்ன உத்தியோகம், வீட்டில் எத்தனை பேர், கவுச்சி உண்டா, இந்த ஊரில் உங்களைத் தெரிந்தவர் யார் என்றெல்லாம் கேட்ட பிறகுதான் தொகைக்கு வருவார். இதை வெறும் வம்பு என்று தள்ளிவிடலாம். ஆனால் குடக்கூலியின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தபோது, அத்தனை கேள்விகளும் ஒரே கேள்வியின் வேஷங்கள்தாம் என்று எனக்குத் தோன்றியது. 'உனக்கு ஜாமீன் யார்?' என்பதே அந்தக் கேள்வி. 'நான் ஜாமீன்' என்று சர்க்காரே வந்து நின்றால் என்ன ஆகும்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இதைப் பார்ப்பதற்குக் காரைக்காலைப் போலத் தோதான ஊர் வேறில்லை. 1739-ல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த சீமை அது. இடையிடையே ஆங்கிலேயரிடம் போய்த் திரும்பினாலும், 1954 நவம்பர் 1-ம் தேதி வரை பிரெஞ்சு நிர்வாகம் அங்கே நடந்தது. சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லாவின் வயல்கள். நடுவில் நெப்போலியனின் சட்டம். வாஞ்சூரைத் தாண்டி நாகூருக்குள் கால் வைத்தால் கொடி வேறு, கோர்ட்டு வேறு. ஆனால் இரண்டு பக்கத்து வீடுகளும் ஒரே மாதிரிதான். அதே நாட்டு ஓடு, அதே முற்றம், அதே திண்ணை.

1804-ல் பிரான்சில் வகுத்த சிவில் சட்டத்தை 1819-ல் பிரெஞ்சிந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். வாடகைக்கு இருப்பவனுக்கு அந்தச் சட்டம் இரண்டே முக்கியக் கடமைகளை வைத்தது. ஒன்று, பேசிய தவணையில் வாடகையைக் கட்டவேண்டும். மற்றொன்று, வீட்டை ஒரு 'நல்ல குடும்பத் தகப்பன்' வைத்துக்கொள்வதுபோல் வைத்துக்கொள்ளவேண்டும்! சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு கதாபாத்திரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பிரான்சில் அந்தத் தகப்பன் 2014 வரை சட்டத்தில் குடியிருந்தார். அந்த ஆண்டுதான் அவரை அனுப்பிவிட்டு 'நியாயமான முறையில்' என்ற சொல்லைக் குடிவைத்தார்கள்.

அதே சட்டத்தின் 1752-ம் பிரிவு இன்னும் ரஸமானது. வீட்டில் போதுமான தட்டுமுட்டுச் சாமான்கள் வைக்காத குடித்தனக்காரனை வெளியேற்றலாம் என்கிறது அது. வாடகை நின்றால் கட்டிலையும் அலமாரியையும் விற்று எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? சாமான் இல்லாதவன் வாடகைக்கு ஈடாக வேறு ஜாமீன் காட்டினால் இருக்கலாம். ஒரு பாயும் நாலு பானையும் மட்டுமே உடையவன் எந்த ஜாமீனைக் காட்டுவான்?

காரைக்காலில் சிலருக்கு அப்படி ஒரு ஜாமீன் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய 'சொல்தா'க்களைச் சொல்கிறேன். 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியான இணைப்பு நடந்த பிறகும், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களுக்குப் பாரிஸிலிருந்து பென்ஷன் வந்துகொண்டிருந்தது. இன்ன தேதியில் பணம் வரும் என்று தெரிந்த மனிதனுக்கு மளிகைக் கடைக்காரர் கடன் கொடுப்பார். வீட்டுக்காரரும் சாவியைக் கொடுப்பார். அவருடைய கட்டிலை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவருக்குப் பின்னால் கடல் கடந்து ஒரு சர்க்கார் நிற்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கத்தில் சர்க்கார் வேறு விதமாக வந்து நின்றது. யுத்த காலத்தில் பட்டணங்களில் ஜாகை கிடைக்காமல் ஜனங்கள் தவித்தார்கள். 1941-ல் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. யுத்தம் முடிந்தும் உத்தரவு போகவில்லை. 1946-ல் ஒரு சட்டம், 1949-ல் ஒரு சட்டம், 1960-ல் இன்னொரு சட்டம் என்று அது வேரூன்றிவிட்டது. குடியிருப்பவனை நினைத்தபடி வெளியே தள்ள முடியாது, நியாய வாடகைக்கு மேல் வாங்க முடியாது என்பது அதன் ஒரு முகம். ஏழைக் குடித்தனக்காரனுக்கு அது பெரிய நிழல்தான், சந்தேகமில்லை.

மற்றொரு முகத்தை அநேகர் மறந்துவிட்டார்கள். 1960-ம் வருஷச் சட்டப்படி, வீடு காலியானால் ஏழு நாளுக்குள் வீட்டுக்காரர் அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும். பத்து நாளுக்குள் அதிகாரி, 'இந்த வீடு சர்க்காருக்கு வேண்டும்' என்று சொல்லிவிட்டால் வேறு பேச்சில்லை. வீட்டில் வந்து இருப்பவர் யாரோ ஓர் உத்தியோகஸ்தர். சட்டத்தின் கண்ணுக்குக் குடித்தனக்காரர் சர்க்கார்! எந்த ஊர், என்ன ஜாதி, கவுச்சி உண்டா என்று சர்க்காரிடம் கேட்க முடியுமா?

கணவன் விட்டுப்போன ஒரே வீட்டின் முன்கட்டை வாடகைக்கு விட்டுப் பின்கட்டில் ஜீவனம் செய்யும் ஒரு விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். வாடகை முழுகிப் போகாது என்பது அவளுக்கு நிம்மதிதான். ஆனால் வீடு எப்போது திரும்பி வரும்? விலைவாசி ஏறினால் வாடகையும் ஏறுமா? இந்த இரண்டுக்கும் அவளுக்குப் பதில் இல்லை. ஆகவே வீட்டைப் பூட்டியே வைப்பவர்களும், ரசீதில் ஒரு தொகையும் கையில் ஒரு தொகையுமாக வாங்குபவர்களும் பெருகினார்கள்.

இதைவிடக் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. மாத வாடகை இருபத்தைந்து ரூபாய்க்கு மேற்படாத வீடுகளை இந்தக் காலி அறிவிப்பு விதி தொடவில்லை. ஏழை குடியிருக்கும் வீடு அதுதான். சர்க்கார் ஜாமீன் நின்றது மாதச் சம்பளம் வாங்கும் தன் உத்தியோகஸ்தனுக்கு. ஜாமீனே இல்லாத கூலிக்காரன் பழையபடி தானே வீடு தேடிக்கொள்ளவேண்டியதுதான்.

காரைக்காலும் நெடுநாள் விலகி நிற்கவில்லை. 1968-ல் இந்தியச் சட்டங்கள் பல புதுச்சேரிப் பிரதேசத்துக்கு நீட்டப்பட்டன. 1969-ல் சென்னைச் சட்டத்தின் அச்சிலேயே வார்த்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அங்கேயும் வந்தது. தமிழ்நாட்டிலோ, யுத்த காலத்துக்கென்று பிறந்த ஏற்பாடு 2019 பிப்ரவரியில் புதிய சட்டம் அமலுக்கு வரும் வரையில் எழுபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தது.

பிற தேசங்கள் வேறு வழியைப் பிடித்தன. 1974-ல் அமெரிக்கா இயற்றிய சட்டப்படி, ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் ஒரு பங்கைத்தான் வாடகையாகக் கொடுக்கும்; மீதியைச் சர்க்கார் நேராக வீட்டுக்காரரிடம் கட்டிவிடும். அந்தப் பங்கு முதலில் நூற்றுக்கு இருபத்தைந்து, பிறகு முப்பது. பிரான்சும் 1977-ல் இப்படி ஓர் உதவியை ஏற்படுத்தியது. இங்கே சர்க்கார் வீட்டைப் பிடுங்கவில்லை. பணத்துக்கு மட்டும் பொறுப்பேற்கிறது. இதற்குமேல் வீட்டுக்காரருக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில், 'சர்க்கார் சீட்டோடு வருகிறவர்களுக்கு வீடு இல்லை' என்று கதவைச் சாத்தியவர்கள் ஏராளம். அப்படி மறுப்பது குற்றம் என்று சில மாநிலங்கள் தனியாகச் சட்டம் போடவேண்டியிருந்தது.

பணத்துக்கு ஜாமீன் கிடைத்த பிறகும் கதவு திறக்கவில்லை என்றால், கேட்ட கேள்விகளில் பாதி பணத்தைப் பற்றியதே அல்ல என்றுதானே அர்த்தம்? மீதிப் பாதி மனிதரைப் பற்றியது. இன்னார் நம் வாசற்படியை மிதிக்கலாமா என்பது பற்றியது. அதற்கு எந்தக் கஜானாவும் ஜாமீன் நிற்க முடியாது.

வீட்டுக்காரரின் நியாயமான பயங்கள் இரண்டு: வாடகை தேதியில் வரவேண்டும், கெடு முடிந்தால் வீடு திரும்பவேண்டும். இரண்டுக்கும் சர்க்கார் பொறுப்பேற்கட்டும், அதுவும் உத்தியோகஸ்தனுக்கு அல்ல, பாயும் பானையுமாக வருகிறவனுக்கு. அதற்குப் பிறகும் 'என்ன ஜாதி?' என்று கேட்கிறவர் தம் வீட்டைக் காப்பாற்றிக்கொள்வதாகச் சொல்ல முடியாது. பழைய பிரெஞ்சுச் சட்டம் குடியிருப்பவனை நல்ல தகப்பனாக நடந்துகொள்ளச் சொன்னது. வீட்டுக்காரருக்கும் அப்படி ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.