காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடமும் ஒரே பெஞ்சும்

  இது கொஞ்சம் நீண்ட பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு, காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன ஞாயிறு ஆராதனையில் ஐயர் தேமாவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பவுலோடு கூடவே ஊழியம் செய்தவன் இந்தத் தேமா. கடைசியில் உலக ஆசை இழுக்க, சிறையில் கிடந்த பவுலை விட்டுவிட்டுப் போய்விட்டான். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் படித்த பையன் ஒருவன் (பையன் என்கிறேன், அவனுக்கே கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள்) கேட்டான்: "சார், இந்தக் காலத்துல உலக ஆசைன்னா செல்போன்தானே?"

சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. செல்போன் இல்லாத காலத்திலும் தேமாக்கள் இருந்தார்கள். பதிலை நம் காஞ்சிபுரத்துச் சரித்திரத்திலேயே தேடினேன். கிடைத்ததை எழுதுகிறேன்.

முதலில் நான் குடியிருக்கும் ஓரிக்கையைப் பற்றி. இந்தப் பெயர் எப்படி வந்தது என்று என் இந்து நண்பர்கள் சொல்லும் கதை உங்களில் பலருக்குத் தெரியும். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை, தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்னான் பல்லவ அரசன். பெருமாளைப் பாடும் வாயால் மனிதனைப் பாட மாட்டேன் என்றார் கணிகண்ணன். ஊரை விட்டுப் போ என்று அரசன் உத்தரவிட்டான். சீடனோடு ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனாராம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை'. அதுவே ஓரிக்கை ஆயிற்று. வேறு விசுவாசத்தில் வளர்ந்தவன் நான். ஆனாலும் ராஜாவுக்காக வாயை விற்காத ஒருவரின் நினைவைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில் குடியிருப்பது எனக்குப் பெருமைதான்.

இனி சரித்திரத்துக்கு வருகிறேன்.

காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் மேல்நிலைப் பள்ளியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அந்தப் பெயருக்கு உரியவர் ஜான் ஆண்டர்சன். ஸ்காட்லாந்து நாட்டுக்காரர், 1805ல் பிறந்தவர். கல்கத்தாவில் ஆங்கிலப் பள்ளி தொடங்கி நடத்திய அலெக்சாண்டர் டஃப் 1835ல் தாய்நாட்டில் ஆற்றிய உரைதான் ஆண்டர்சனை இந்தியாவுக்கு இழுத்தது. 1837ல் சென்னைக்கு வந்து, அதே ஆண்டு ஏப்ரலில் ஆர்மேனியன் தெருவில் பள்ளியைத் தொடங்கினார். முதல் நாள் வந்தவர்கள் 59 பேர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி அந்தச் சிறு பள்ளியில் இருந்து வளர்ந்ததுதான். இரண்டே ஆண்டுகளில், 1839ல், நம் காஞ்சிபுரத்தில் கிளைப் பள்ளி வந்துவிட்டது. கோயில்களும் தறிகளும் நிறைந்த ஊரில், வேதபாடம் சொல்லித்தரும் ஆங்கிலப் பள்ளி!

பெற்றோர் ஏன் பிள்ளைகளை அனுப்பினார்கள்? வேதபாடத்துக்காக அல்ல, ஆங்கிலத்துக்காக. ஆங்கிலம் தெரிந்தால் கம்பெனி கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம். ஆண்டர்சனுக்கும் இது நன்றாகத் தெரியும். அவர் வந்ததோ சுவிசேஷம் சொல்ல. ஆக ஒரே வகுப்பறையில் இரண்டு நோக்கங்கள். பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு இன்னொன்று. பள்ளி நிறைய வேண்டுமென்றால் பெற்றோரின் மனம் கோணக்கூடாது. ஆசிரியராக இருந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் உடனே புரியும்.

முதல் சோதனை 1838ல் வந்தது. சென்னைப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தார்கள். மற்ற மாணவர்கள் கொதித்தார்கள். அந்தப் பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் தனி பெஞ்சாவது போடுங்கள் என்றார்கள். தனி பெஞ்சு ஒன்றும் பெரிய காரியம் இல்லை. தச்சரைக் கூப்பிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். பள்ளியும் நிறைந்திருக்கும், வேதபாடமும் தடையில்லாமல் நடக்கும். 'பெரிய நன்மைக்காகச் சிறிய விட்டுக்கொடுத்தல்' என்று நாம் சொல்வோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஆண்டர்சன் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் ஒரே பெஞ்சு என்றார். ஏராளமான மாணவர்கள் பள்ளியை விட்டுப் போனார்கள். பள்ளி வெறிச்சோடியது. போனவர்களில் பலர் பிறகு மெல்லத் திரும்பினார்கள். அந்தப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் காலத்துத் திருச்சபைகளுக்குள்ளேயே எல்லாரும் இப்படி இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய லுத்தரன் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்வது நெடுங்காலம் நடந்தது. 1830களில் பேராயர் டேனியல் வில்சன் அதை நிறுத்தச் சொன்னபோது பலர் சபையை விட்டே பிரிந்தார்கள். ஆண்டர்சன் அந்தப் பெஞ்சு விஷயத்தில் நின்றது அப்படிப்பட்ட காலத்தில்.

இரண்டாம் சோதனை 1841ல். பள்ளியில் படித்த ராஜகோபால், வெங்கடராமையா என்ற இரண்டு வாலிபர்கள் ஜூன் மாதத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள். சில வாரங்களில் எத்திராஜும் பெற்றார். சென்னைப் பட்டணமே கலங்கியது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பெற்றோர் நிறுத்தினார்கள். நூற்றுக்கணக்கானோர் படித்த இடத்தில் மிஞ்சியவர்கள் சில பத்துப் பேர்.

இந்த இடத்தில் நான் ஒருபக்கமாக எழுதினால் நல்ல ஆசிரியன் ஆக மாட்டேன். அந்த வாலிபர்களின் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். பிள்ளை ஆங்கிலம் கற்று உத்தியோகத்துக்குப் போவான் என்று அனுப்பினார்கள். அவன் வீட்டுக்கே திரும்பவில்லை. அந்நாளில் மதம் மாறியவன் வீட்டாருக்குச் செத்தவன் மாதிரி. அவர்கள் அழுத அழுகை உண்மை. ஏமாற்றப்பட்டோம் என்று நினைத்ததிலும் நியாயம் இல்லாமல் இல்லை. என்னிடம் படித்த இந்துப் பிள்ளைகளே, உங்கள் பெற்றோர் என்னை நம்பித்தான் உங்களை அனுப்பினார்கள் என்பதை நான் மறந்தது இல்லை.

அந்தக் கோபத்தில் இருந்து நல்லதும் பிறந்தது. 1794ல் மறைந்த வள்ளல் பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளைப் பணத்தில் 1842ல் சென்னையில் ஒரு பள்ளி திறந்தார்கள். இந்துப் பிள்ளைகள் மதம் மாறுவார்கள் என்ற பயமில்லாமல் ஆங்கிலம் கற்கும் இடம் அது. பின்னாளில் காஞ்சியிலும் பச்சையப்பன் பள்ளி வந்தது. பேரறிஞர் அண்ணா படித்தது அங்கேதான். பாதிரிமார் பள்ளியும் அதற்குப் பதிலாக வந்த பள்ளியும் சேர்ந்து இந்த ஊருக்குக் கல்வி தந்தன. இதைக் கர்த்தரின் விநோதமான வழி என்பேன். நீங்கள் வேறு பெயர் சொன்னாலும் சரி.

ஞானஸ்நானம் கொடுத்தால் பள்ளி காலியாகும் என்பது ஆண்டர்சனுக்குத் தெரியாதா? தெரியும். 'இப்போது வேண்டாம் தம்பி, இரண்டு வருஷம் போகட்டும்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று வாலிபர்களும் பின்னாளில் குருமார்களாக ஊழியம் செய்தார்கள்.

மூன்றாம் சோதனை 1843ல் ஸ்காட்லாந்தில் இருந்து வந்தது. சபைக்குப் போதகரை நியமிக்கும் உரிமை நிலப்பிரபுவுக்கா, சபை மக்களுக்கா என்ற வழக்கில் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. 474 போதகர்கள் அரசாங்கத் திருச்சபையின் சம்பளத்தையும் வீட்டையும் கோயிலையும் விட்டு வெளியே வந்து சுதந்திரத் திருச்சபையை அமைத்தார்கள். இந்தியாவில் இருந்த அதன் ஊழியர்கள் அனைவரும் வெளியேறியவர்களோடு சேர்ந்தார்கள். ஆண்டர்சனும் அவருடைய தோழர்கள் ஜான்ஸ்டன், பிரெய்ட்வுட் இருவரும் அவர்களில் அடக்கம். அடுத்த மாதம் சம்பளம் எங்கிருந்து வரும் என்பது அப்போது யாருக்கும் நிச்சயம் இல்லை.

ஜான்ஸ்டன் 1853ல் இறந்தார். ஆண்டர்சன் 1855ல் சென்னையிலேயே இறந்தார். அவருக்கு வயது ஐம்பதுகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது.

1854ல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடைக்க வழி பிறந்தது. 1857ல் சென்னைப் பல்கலைக்கழகம். மெட்ரிகுலேஷன் தேர்வு, சான்றிதழ், உத்தியோகம் எல்லாம் வந்தன. மிஷன் பள்ளிகள் நிரம்பி வழிந்தன. முன்போல எதிர்ப்பு இல்லை, முன்போலப் பிள்ளைகளை நிறுத்துவதும் இல்லை. தேர்ச்சி விகிதம் உயர்ந்தது. வேதபாடம் ஒரு மணி நேரம், மற்ற நேரமெல்லாம் பரீட்சை. ஞானஸ்நானம் கேட்டு வரும் மாணவர்கள் அபூர்வம் ஆனார்கள்.

1862ல் வந்த வில்லியம் மில்லர் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைப் பெரிய நிறுவனமாக வளர்த்தவர். மாணவர்கள் உயிரையே வைத்த ஆசிரியர். காணிக்கை அனுப்பும் ஸ்காட்லாந்துக்காரர்கள், கல்லூரி நடத்தி எத்தனை ஆத்துமாக்களைச் சேர்த்தீர்கள் என்று கேட்டார்கள். கிறிஸ்துவின் கருத்துகள் இந்தச் சமுதாயம் முழுவதிலும் மெல்லப் பரவ வேண்டும், அதற்கு நிலத்தைப் பண்படுத்துவதே கல்லூரியின் வேலை, தலை எண்ணுவது அல்ல என்பது மில்லரின் எண்ணம். சிலர் இதை ஞானம் என்றார்கள். சிலர் இதைச் சாக்கு என்றார்கள். அந்த விவாதம் இன்றும் முடியவில்லை.

என் சிறு புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். தலை எண்ணக் கூடாது என்பதில் மில்லர் சொன்னது சரி. ஆனால் தலை எண்ணுவதில் இரண்டு விதம் உண்டு. ஞானஸ்நானம் பெற்றவர்களை எண்ணுவது ஒன்று. வகுப்பில் சேர்ந்தவர்களையும் தேர்ச்சி பெற்றவர்களையும் எண்ணுவது இன்னொன்று. முதலாவதை விட்டுவிட்ட நம் நிறுவனங்கள் இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. எதிர்ப்பு இருந்த காலத்தில் எதற்காக வந்தோம் என்பது தினமும் நினைவுக்கு வந்தது. வெற்றி வந்த பிறகு அதை நினைவுபடுத்த ஆள் இல்லை. தேமாவை இழுத்த உலகம் என்றால் சாராயக்கடை, சினிமாக் கொட்டகை என்றுதான் சிறு வயதில் நினைத்திருந்தேன். நல்ல பெயரும் நிரம்பிய வகுப்பும்கூட உலகம்தான். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் சொந்த வாழ்க்கை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்து 1983ல் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தது ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி. ஊர் பெயர் வேண்டாம். வராந்தாவில் ஒரு மண்பானை, மேலே இரண்டு டம்ளர். ஊர்ப் பிள்ளைகள் டம்ளரில் மொண்டு குடிப்பார்கள். காலனிப் பிள்ளைகள் கையைக் குவித்து நிற்க, வேறொரு பிள்ளை மேலே இருந்து ஊற்றும். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. தண்ணீர் முழங்கை வரை வழிந்து பாவாடை நனைய, குனிந்து குடிப்பாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

எனக்குத் தெரியும். முதல் வாரமே தெரியும். என் தாத்தா உபதேசியார். கால்நடையாகக் கிராமம் கிராமமாகப் போய்ச் சுவிசேஷம் சொன்னவர். அவர் பேரன் நான், வாய் திறக்கவில்லை. முதலில் தகுதிகாண் பருவம் முடியட்டும் என்றேன். முடிந்தது. பிறகு, ஊரார் பிள்ளைகளை நிறுத்திவிட்டால் மாணவர் எண்ணிக்கை குறைந்து ஒரு பணியிடம் போய்விடுமே என்றேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன். ஓய்வுநாள் பள்ளியில் நல்ல சமாரியன் கதை சொன்னேன்.

மூன்றாம் வருஷம் ஒரு தலைமையாசிரியை மாற்றலாகி வந்தார். வந்த அன்றே அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு அந்தப் பெண் குழந்தையின் கையில் கொடுத்தார். அவள் குடித்த பிறகு, அதே டம்ளரில் தானும் மொண்டு எல்லார் எதிரிலும் குடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. பிறகு வந்தார்கள். பணியிடமும் போகவில்லை.

அந்த அம்மா கிறிஸ்தவர் இல்லை. தினமும் நெற்றியில் விபூதியோடு வருவார்.

நான் மூன்று வருஷம் பயந்த காரியத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதுமானதாக இருந்தது. 1838லேயே ஒரு பெஞ்சுக்காகப் பள்ளியைக் காலியாக விட்ட மனிதரின் பெயரைச் சொல்லி நன்மை அடைந்த சமூகத்தில் பிறந்தவன் நான். சுவிசேஷம் அன்றைக்கு என் கையில்தான் இருந்தது, அதை அவர் செய்தார்.

அரசுப் பள்ளி வகுப்பறையில் மதம் பேசக் கூடாது. பேசவும் இல்லை, அது சரியான விதி. ஆனால் பேசாமலே சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்லவில்லை. அதன் பிறகு வேலை பார்த்த பள்ளிகளில், சேர்ந்த முதல் நாள் முதலில் தண்ணீர்ப் பானையைத்தான் போய்ப் பார்ப்பேன். சார் எதற்கு வந்ததும் வராததுமாகப் பானையைப் பார்க்கிறார் என்று நீங்கள் கேலி செய்தது எனக்குத் தெரியும். காரணம் இதுதான்.

உங்களில் முப்பது பேருக்கு மேல் இன்று ஆசிரியர்கள். சிலர் சபையில் பொறுப்பில் இருக்கிறீர்கள். செல்போனைக் குறைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் எண்ணிக்கை குறைந்துவிடும், பெயர் கெட்டுவிடும் என்று பயந்து எதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறோம் என்பதை அவரவர் ஒரு தரம் யோசியுங்கள். நானும் இந்த வயதில் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

1983 முதல் 1985 வரை அந்தக் கிராமத்துப் பள்ளியில் என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கை குவித்துத் தண்ணீர் குடித்தவர்களாக இருந்தால், இந்த வாத்தியாரை மன்னித்துவிடுங்கள் அம்மா, ஐயா. முடிந்தால் ஒரு நாள் ஓரிக்கைக்கு வாருங்கள். நம் வீட்டில் சேர்ந்து சாப்பிடுவோம்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்
ஓரிக்கை, காஞ்சிபுரம்