காட்சி முதல் வாழ்த்து வரை: நடுகல் என்னும் சிற்பம்

கண்டெடுத்த பொருளையே கலைப்பொருளாக்கும் முறை மேலைநாட்டில் இருபதாம் நூற்றாண்டின் புதுமையாகப் போற்றப்பட்டது. 1942ஆம் ஆண்டில் பிக்காசோ மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்துக் காளைத்தலை ஒன்றை ஆக்கினார். அங்கே உளிக்கு வேலையில்லை. தேர்ந்தெடுத்த கண்ணே சிற்பியாயிற்று. நோக்கம் வேறாயினும், கிடந்த பொருளைக் கண்டு தேர்வதில் தொடங்கி அதனைப் படிப்படியாக வேறொன்றாக்கும் முறை தமிழர்க்குப் பழமையானது. நடுகல் மரபே அது.

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுக்கும் நெறியைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் ஆறு நிலைகளாக வகுத்தார். தக்க கல்லைத் தேடிக் காணல் காட்சி. அதனைக் கொள்ளத் தொடங்குதல் கால்கோள். நீராட்டித் தூய்மை செய்தல் நீர்ப்படை. உரிய இடத்தில் நிறுத்துதல் நடுதல். சிறப்புச் செய்து படையலிடுதல் பெரும்படை. புகழ்ந்து பாடுதல் வாழ்த்தல். இவ்வாறனுள் உருவம் செதுக்குதல் எனத் தனிநிலை இல்லை என்பது கருதத்தக்கது. மலைச்சரிவில் யாரும் பொருட்படுத்தாது கிடந்த கல், நீரும் நிலமும் படையலும் பாட்டும் பெற்றே வீரனாகிறது. பீலி சூட்டியும் கள் படைத்தும் மக்கள் அதனை வழிபட்டமையைச் சங்கப் பாடல்கள் காட்டும்.

இலக்கியம் கூறும் இந்நெறிக்குத் தொல்லியற் சான்று தேனி மாவட்டத்திலேயே கிடைத்தது. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவினர் 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவை கி.மு. நான்கு, மூன்றாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என அறிஞர் கா. ராஜன் கணித்தார், சற்றுப் பிற்பட்டவை எனக் கொள்வாரும் உளர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்துபட்ட தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். ஆநிரை கவர்தலைக் குறிக்கும் 'ஆகோள்' என்னும் சொல் தொல்காப்பியத்தில் வெட்சித் துறைகளுள் ஒன்றாகவும் வருவது. ஏட்டிலிருந்த சொல் கல்லிலும் கிடைத்தமை அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது.

இக்கற்களில் வீரனின் உருவம் இல்லை. வில்லும் வாளும் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. உருவம் பின்வந்த படிநிலையாகும். பல்லவர் காலத்துச் செங்கம் நடுகற்களில் வீரன் படைக்கலம் ஏந்தி நிற்பதைக் காணலாம். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில், கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்னும் நாயும் வீரனுக்கு அருகில் இடம்பெற்றது. கல் முதலில் பெயர் பெற்றது. பின்னரே வடிவம் பெற்றது.

இவ்வளர்ச்சியின் மற்றொரு படிநிலை சிலப்பதிகாரம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என வஞ்சிக் காண்டக் காதைகளின் பெயர்களே தொல்காப்பிய நெறியைச் சுட்டுகின்றன. ஆண்மகனாகிய வீரனுக்குரிய நெறி, கணவனுக்காக நீதி கேட்ட பெண்ணுக்கும் உரியதாயிற்று. இமயத்தில் எடுத்த கல், கங்கையில் நீராடிக் கண்ணகியாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூருக்கு மேலுள்ள மலையில் நிற்கும் மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் எனப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963ஆம் ஆண்டில் கண்டு கூறினார். சித்திரை முழுநிலவு நாளில் இரு மாநில மக்களும் அம்மலை ஏறி வழிபடுகின்றனர். ஆகோள் நடந்த கூடலூரும் இக்கூடலூரும் ஒன்றே எனப் பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு துணிதல் ஆகாது. எனினும் பெயர் பொறித்த கல்லும் காப்பியத் தலைவியின் கோட்டமும் ஒரே மாவட்டத்தில் அமைந்தமை இம்மண்ணின் பேறு.

தமிழ்ச் சிற்ப வரலாற்றைக் குடைவரைக் கோயில்களிலிருந்து தொடங்குவது பெருவழக்கு. உருவமற்ற நடுகல்லை வளர்ச்சியடையாக் கலை என ஒதுக்குவதால் நேர்ந்த குறை அது. காட்சியைச் சிற்பத்தின் முதல் தொழிலாகக் கொள்வோமாயின், அவ்வரலாறு பல நூற்றாண்டுகள் முன்செல்லும்.

இவ்வுண்மை ஏட்டளவில் நிற்பதன்று. புலிமான்கோம்பைக் கற்கள் கிடைத்த ஈமக்காடு முன்பே சிதைவுற்றிருந்தது. நிலந்திருத்தும்போதும் சாலை அமைக்கும்போதும் பழங்கற்கள் வரப்புக் கல்லாகவும் வாசற்படியாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் மாறிவிடுவது தமிழகமெங்கும் நிகழ்கிறது. காட்சியால் வீரனான கல், காண்பாரின்மையால் மீண்டும் வெறுங்கல்லாகிறது. ஆறு நிலைகளுள் இறுதியாகிய வாழ்த்தல் புலவர்க்குரியது. முதலாவதாகிய காட்சியோ எவர்க்கும் உரியது. ஊர்ப்புறத்துக் கல்லில் எழுத்தோ உருவமோ தென்படின், அதனைப் பெயர்க்காது தொல்லியல் துறைக்குத் தெரிவித்தலும், அவ்வூரார் அதனை வழங்கும் பெயரையும் கதையையும் எழுதி வைத்தலும் தமிழன்பர் அனைவரின் கடமையாகும்.