ஒட்டிக்கொள்ளும் ரிலேயும் எஞ்சிய காந்தமும்

ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் இயங்கி, வேறொரு மின்சுற்றைத் திறக்கவோ மூடவோ செய்யும் மின்காந்தச் சாவி ஆகும். கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது இரும்பு உள்ளகம் காந்தமாகி, ஆர்மேச்சர் எனப்படும் இரும்புத் தகட்டை இழுக்கிறது. மின்னோட்டம் நின்றதும் தகடு விடுபட வேண்டும். சில வேளைகளில் அது விடுபடாமல் ஒட்டிக்கொள்கிறது.

தோற்றம்

1825இல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் மின்காந்தத்தைச் செய்து காட்டினார். மின்னோட்டத்தை நிறுத்தியதும் சுமையை விட்டுவிடுவதே அதன் சிறப்பு. 1835 வாக்கில் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி, தொலைவிலிருந்து வரும் வலுக்குறைந்த மின்னோட்டத்தால் வலிய சுற்று ஒன்றை இயக்கினார். பின்னர் தந்தித் தொழில் ரிலேயைப் பரவலாக்கியது.

ஒட்டுவது ஏன்?

தேனிரும்பும் தன் காந்தத்தன்மையை முழுவதும் இழப்பதில்லை. சிறிதளவு எஞ்சி நிற்கும். ஜேம்ஸ் ஆல்ஃபிரட் ஈவிங் 1880களின் தொடக்கத்தில் டோக்கியோவில் பணியாற்றியபோது இதனை ஆராய்ந்து 'ஹிஸ்டெரிசிஸ்' என்று பெயரிட்டார். நம் பாடநூல்கள் இதனைக் காந்தத் தயக்கம் என்கின்றன. தகடு உள்ளகத்தை இடைவெளியின்றித் தொட்டால் காந்தப்பாதை இரும்பாலேயே மூடப்பட்டுவிடும். அப்போது எஞ்சிய காந்தமே தகட்டைப் பிடித்து வைக்கப் போதும்.

தண்டவாளச் சுற்று

1872இல் அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் மூடிய தண்டவாளச் சுற்றுக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத் துண்டின் ஒரு முனையில் மின்கலம், மறுமுனையில் ரிலே. தடம் காலியாக இருந்தால் ரிலே இழுபட்டு நிற்கும். ரயில் வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடும். ரிலேக்கு மின்னோட்டம் குறைந்து தகடு விழும், சிக்னல் சிவப்பாகும். மின்கலம் தீர்ந்தாலும் கம்பி அறுந்தாலும் சிவப்புதான்.

இந்த ஏற்பாட்டின் பாதுகாப்பு முழுவதும் தகடு விழுவதையே நம்பியுள்ளது. அது ஒட்டிக்கொண்டால், ரயில் நிற்கும் தடத்திற்கே பச்சை விளக்கு எரியக்கூடும்.

தீர்வுகள்

தகடு உள்ளகத்தைத் தொடாதபடி இடையில் பித்தளை போன்ற காந்தமாகாத உலோகத்தால் சிறு முளை வைத்தனர். அந்த மெல்லிய காற்றிடைவெளி எஞ்சிய காந்தத்தின் பிடியைத் தளர்த்துகிறது. சிக்னல் ரிலேக்களில், உடையக்கூடிய சுருள்வில்லை நம்பாமல், தகடு தன் எடையாலேயே விழும்படி அமைத்தனர். தீப்பொறியால் தொடுமுனைகள் உருகி ஒட்டுவது மற்றொரு காரணம். அதனைத் தவிர்க்க ஒரு முனையைக் கரியால் செய்தனர். கரி உலோகத்துடன் உருகி இணைவதில்லை.

இழுப்பதற்காகப் பிறந்த கருவி இது. ஆயினும் ரயில் பயணிகளின் உயிரைக் காப்பது, அது தவறாமல் விட்டுவிடுவதே.