அத்தையின் கன்னத்துக் குழிகள்

கரமனையில் என் பாட்டி, அத்தையின் கன்னத்துப் பருக்குழிகளையும் ‘அம்மைத் தழும்பு’ என்றே சொல்வார். பருவும் அம்மையும் வேறு. ஆனால் அச்சொல்லில் ஒரு வரலாறு உறைந்துள்ளது.

1813இல் ராணி கௌரி லட்சுமி பாய் திருவிதாங்கூரில் அம்மை குத்துதலைத் தொடங்கினார். மக்களின் அச்சம் தீர அரச குடும்பத்தாரே முதலில் குத்திக்கொண்டனர். அது குழி விழாமல் காத்தது. விழுந்த குழியை எழுப்பாது.

1995இல் அமெரிக்க மருத்துவர்களான டேவிட் ஓரன்ட்ரைக்கும் நார்மன் ஓரன்ட்ரைக்கும் ‘சப்சிஷன்’ முறையை வெளியிட்டனர்: தோலை மரத்துப்போகச் செய்து, அடியில் ஊசி நுழைத்து, குழியைக் கீழிழுக்கும் நார்களை அறுத்தல். அங்குக் கசியும் குருதியைப் பற்றிப் புதுத்திசு வளரும். மேல்தோலைச் சுடும் லேசரைவிட, நம் நிறத்தார்க்கு இதில் கருமை படிவது குறைவு. ஊசி குத்தியதுபோல் ஆழ்ந்த குழிகளுக்கோ பயன் சிறிதே.

குடும்பப் படங்களிலெல்லாம் முகந்திருப்பி நிற்கும் அத்தைக்கு அந்த ஊசி காலந்தாழ்ந்தே வந்தது.