நிலக்கொடையும் எழுத்துரிமையும்: குரோவாசியாவின் பாஷ்கா கல்வெட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குரோவாசியரின் தேசிய அடையாளமாகப் போற்றப்படும் பாஷ்கா கல்வெட்டு, அடிப்படையில் ஒரு மடத்தின் நிலவுரிமைச் சாசனமாகும். கிளகோலித்திக் எழுத்து பல நூற்றாண்டுகள் நிலைத்தமைக்கு அரச ஆதரவைவிட நிலம், சட்டம், வழிபாடு ஆகிய மூன்று களங்களில் அது பெற்றிருந்த அன்றாடப் பயன்பாடே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முன்னுரை

அட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையில் அமைந்த நாடு குரோவாசியா. அதன் வடபகுதிக் கடலிலுள்ள கிர்க் தீவில், பாஷ்கா ஊரை அடுத்த யூராந்துவோர் என்னும் சிற்றூரில் தூய லூசியா ஆலயம் உள்ளது. அவ்வாலயத்தின் தளத்தில் பாவப்பட்டிருந்த சுண்ணாம்புக்கல் பலகையொன்றில் எழுத்துகள் இருப்பது 1851-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் கொண்ட இப்பலகை, முன்பு பலிபீடத்தை மக்கள் கூடும் பகுதியிலிருந்து பிரித்த தடுப்பின் ஒரு பகுதியாக இருந்தது. இதன் காலம் கி.பி. 1100-ஐ ஒட்டியது என்பர். 1934 முதல் மூலக்கல் சாகிரேப் நகரிலுள்ள அறிவியல் கலைக் கழகத்தில் காக்கப்படுகிறது. ஆலயத்தில் இருப்பது அதன் படியே.

கல்வெட்டின் பொருள்

13 வரிகளைக் கொண்ட இக்கல்வெட்டு, திர்ஷிகா என்னும் மடத்துத் தலைவரின் தன்மைக் கூற்றாகத் தொடங்குகிறது. குரோவாசிய மன்னர் ஸ்வொனிமிர் தம் காலத்தில் தூய லூசியாவுக்கு உழப்படாத நிலமொன்றைக் கொடையளித்த செய்தியும், அதற்குச் சாட்சியாக நின்ற அதிகாரிகளின் பெயர்களும் அடுத்து வருகின்றன. கொடையை மறுப்பவரைக் கடவுளும், திருத்தூதர் பன்னிருவரும், நற்செய்தியாளர் நால்வரும், தூய லூசியாவும் சபிக்கட்டும் என்னும் சாபவுரை தொடர்கிறது. தமிழ்ச் சாசனங்களின் ஓம்படைக்கிளவியோடு இதனை ஒப்புநோக்கலாம். பின்வந்த மடத்துத் தலைவர் தொப்ரோவித், துறவியர் ஒன்பதின்மருடன் ஆலயத்தைக் கட்டிய செய்தி இறுதிப் பகுதியில் இடம்பெறுகிறது.

குரோவாசிய மொழியில் குரோவாசியர் என்னும் இனப்பெயர் இடம்பெறும் மிகப் பழைய சான்றாக இது கருதப்படுகிறது. பிற்காலத் தேசிய எழுச்சி இக்கல்லைப் போற்றியதற்கு அதுவே காரணம். ஆயினும், கல்வெட்டை முழுமையாக நோக்கும்போது அந்த இனப்பெயர் கொடையாளரை அடையாளப்படுத்தும் அடைமொழியாக மட்டுமே நிற்கிறது. ஸ்வொனிமிர் 1089-இல் மறைந்தார். 1102-இல் குரோவாசிய முடி ஹங்கேரிய மன்னரைச் சேர்ந்தது. கொடையளித்த அரச மரபு இல்லாமற்போன சூழலில், கொடையின் உறுதிக்குக் கல்லும் சாட்சியும் சாபமும் தேவைப்பட்டன எனக் கொள்வது பொருந்தும்.

நிலத்தோற்றமும் ஆவணமும்

இத்தேவையைத் தீவின் நிலவியல் மேலும் தெளிவாக்குகிறது. கிர்க் சுண்ணாம்புப் பாறைத் தீவாகும். மழைநீர் பாறைப் பிளவுகளில் இறங்கிவிடுவதால் வளமான மண் பள்ளத்தாக்குகளில் மட்டுமே தங்குகிறது. வடகிழக்கிலிருந்து வீசும் ‘பூரா’ என்னும் கடுங்காற்று, தீவின் கிழக்குச் சரிவுகளில் மரஞ்செடிகளை வளரவிடுவதில்லை. இத்தகைய தீவில், பாஷ்கா பள்ளத்தாக்கின் ஒரு துண்டு நிலம் ஒரு மடத்தின் வாழ்வாதாரமாக அமையக்கூடியது. நிலத்தின் அருமையே ஆவணத்தின் அருமையைத் தீர்மானித்தது எனலாம்.

வழிபாடும் சட்டமும்

கிளகோலித்திக் எழுத்து 9-ஆம் நூற்றாண்டில் ஸ்லாவிய வழிபாட்டின் பொருட்டு உருவாக்கப்பட்டது. இலத்தீனையே வழிபாட்டு மொழியாகக் கொண்ட மேலைத் திருச்சபையின் எல்லைக்குள் அதன் நிலை உறுதியற்றதாகவே இருந்தது. ஸ்பிலித் நகரில் கூடிய திருச்சபை மன்றங்கள் அதற்குத் தடைகள் விதித்தன. 1248-ஆம் ஆண்டு திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட், சென் நகர ஆயருக்கு ஸ்லாவிய வழிபாட்டு அனுமதியை வழங்கினார். 1252-இல் கிர்க் தீவின் ஒமிஷால் பெனடிக்டின் துறவியரும் அதனைப் பெற்றனர். இவ்வெழுத்து தூய ஜெரோமால் ஆக்கப்பட்டது என்னும் உள்ளூர் நம்பிக்கை 1248-ஆம் ஆண்டு ஆணையிலேயே சுட்டப்படுகிறது. வரலாற்று அடிப்படையற்ற இந்நம்பிக்கை, எழுத்துக்கு ஏற்புடைமை தேடித் தந்தது என்பது கருதத்தக்கது.

வழிபாட்டுக்கு வெளியிலும் இவ்வெழுத்து வழங்கியது. கிர்க் பிரபுக்களுக்கும் குடிகளுக்கும் இடையிலான உரிமைகளையும் கடமைகளையும் வரையறுத்த வினொதோல் சட்டம் 1288-இல் மக்கள் மொழியில் எழுதப்பெற்றது. அதன் கிளகோலித்திக் படி இன்று கிடைக்கிறது. ஊர்களுக்கும் நிலக்கிழார்களுக்கும் இடையிலான எல்லைகளைத் தொகுத்துரைக்கும் இஸ்திரிய எல்லைப் பதிவும் இவ்வெழுத்திலேயே எஞ்சியுள்ளது. 1483-இல் அச்சேறிய முதல் குரோவாசிய நூலும் கிளகோலித்திக் வழிபாட்டு நூலே. 1493-இல் கிர்பாவா சமவெளியில் உதுமானியரிடம் ஏற்பட்ட பெருந்தோல்விக்குப் பின், உள்நாட்டுக் கிளகோலித்திக் மையங்கள் சிதைந்தன. எனினும் கடற்கரையிலும் தீவுகளிலும், திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றைக் குறிக்கும் பங்குப் பதிவேடுகளில் இவ்வெழுத்து 18-ஆம் நூற்றாண்டிலும் வழங்கியது.

முடிவுரை

2019-இல் குரோவாசிய நாடாளுமன்றம் பிப்ரவரி 22-ஐக் கிளகோலித்திக் நாளாக அறிவித்தது. 2023 முதல் வழங்கும் குரோவாசிய யூரோ சில்லறைக் காசுகளில் இவ்வெழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இவை எழுத்தின் நினைவைப் போற்றுவன. ஆயின் எழுத்தைக் காத்தவை இவையல்ல. நிலத்தை இழக்கக்கூடாது என அஞ்சிய மடமும், கடமைகளை எழுத்தில் கேட்ட குடிகளும், பிறப்பையும் இறப்பையும் குறித்துவைத்த சிற்றூர்க் குருமாருமே அதனைக் காத்தனர். தேசியச் சின்னமாக மட்டும் பாஷ்கா கல்வெட்டை வாசிப்பது, ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு ஏனைய வரிகளைக் கைவிடுவதாகும். திர்ஷிகாவுக்கு முதன்மையாக இருந்தது அந்தச் சொல் அன்று. அந்த நிலமே ஆகும்.